இடக்கை வெட்டு

ஊமே என்று ஆற்றுக்குப் பெயர்.
ஊமையல்ல. அணைக்குக் கீழே
பேச்சு நிற்காத தண்ணீர்.
மீன்படியின் உச்சியில், தகரக் கூரைக்கடியில்
ஜூலை முழுக்க நிற்கிறாள் யோர்டிஸ்.
இரவு பதினொன்றுக்கும் வெயில் மிச்சமிருக்கும் ஊர்.
ஒவ்வொரு சால்மனாக ஏறி வந்து
அவள் முன்னே தொட்டிலில் விழுகிறது.

பார்க்க வேண்டியது ஓரிடம்தான்:
முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே
கட்டைவிரல் நகமளவு கொழுப்புத் துடுப்பு.
இருந்தால் ஆற்றில் பிறந்தது, மேலே விடு.
இல்லையென்றால் பொரிப்பகத்தில் பிறந்தது,
குஞ்சிலேயே நறுக்கி அனுப்பியது,
தொட்டிலிலிருந்து தொட்டிக்குத் தள்ளு.
காகிதத்தில் இரண்டே கட்டம்.

அவளுக்கு அந்த ஓரிடமும் வேண்டாம்.
கையுறையைக் கழற்றிவிட்டு
முதுகில் விரல் ஓட்டினால் போதும்.
சிமெண்டில் வளர்ந்ததன் துடுப்பு
பழைய பல்துலக்கி மாதிரி,
முள் ஒடிந்து, கூடி, அலையலையாய்க் கோணியிருக்கும்.
சுவரில் உரசியது பாதி,
பக்கத்து மீன் கடித்தது மீதி.
மூக்கு மழுங்கல்.
சிலதற்குச் செவுள்மூடி குட்டை,
பொத்தான் தெறித்த சட்டைபோல்
உள்ளே இருக்கும் சிவப்பு வெளியே தெரியும்.

ஆற்று மீனை அப்படித் தடவ முடியாது.
கூழாங்கல்லை அணைத்து
வெள்ளத்தில் நின்று பழகிய மார்புத் துடுப்பு,
விரித்தால் விசிறி.
மணிக்கட்டைத் திருகிவிட்டுத்தான் போகும்.

பதினேழாம் தேதி வந்தது ஒன்று.
பதினோரு கிலோ.
விலாவில் சீல் கடித்த தழும்பு,
வால் அருகே உதிராத கடற்பேன் இரண்டு.
கொழுப்புத் துடுப்பு இருந்தது,
பாதி.
தலைப்பக்கம் உயர்ந்து வால்பக்கம் சரிந்து.

கொட்டகையில் இடக்கைக்காரி
அவள் ஒருத்திதான்.
அந்தச் சரிவு அவளுக்குத் தெரியும்,
தன் கையெழுத்தைத் தெரிவதுபோல.
நான்கு வருடத்துக்கு முந்தைய வசந்தம்,
மயக்கமருந்து வாளி,
உள்ளங்கையில் விரல்நீளக் குஞ்சு,
மணிக்கு எண்ணூறு.
தும்மினாளா?
வானொலியில் பனிச்சறுக்குப் போட்டியா?
தலை திரும்பிய ஒரு நொடி
பதினோரு கிலோவாகித் திரும்பி வந்திருக்கிறது.

"வலை அறுத்ததாகவும் இருக்கலாம்"
என்றான் ஆல்கொட், காபியை ஊதியபடி.
"செதிலைப் பார்."
மூன்று செதில் எடுத்தாள்.
சீராகத் தீனி தின்றதற்குச் சீரான வளையம்,
பனிக்காலம் கண்டதற்கு நெருங்கிய வளையம்.
லென்ஸுக்கடியில் மூன்றிலும் நடுவில் வெறுமை.
சிறுவயதில் உதிர்ந்து
மறுபடி முளைத்த செதிலுக்கு
பழசு ஒன்றும் ஞாபகமில்லை.

"அப்போ காதுக்கல்தான்" என்றான்.
காதுக்கல்லைப் பார்க்கத்
தலையைப் பிளக்க வேண்டும்.

முதுகைத் தடவினாள்.
அலை இருந்தது, லேசாக.
இருந்ததா,
இருக்குமென்று விரல் நினைத்துக்கொண்டதா?
மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது.
காத்திருக்கும் மீன்கள் படியில் முட்டின.

தொட்டியில் தள்ளினாள்.

மாலையில் பிளந்ததும் அவளே.
இரண்டு கல், அரிசிக் குருணை அளவு.
ஆற்றில் பிறந்ததற்குப் பால்வெள்ளை.
பொரிப்பகத்துப் பிள்ளைக்குப் பலநேரம்
படிகம் மாறிக் கண்ணாடியாகிவிடும்,
அந்தப் பக்கம் சரியாகக் கேட்காது என்பார்கள்.

ஈரத்துணியில் வைத்துத் துடைத்தாள்.
இடக்கல் கண்ணாடி.
வலக்கல் பால்.

துடைத்ததையே இன்னொரு முறை துடைத்தாள்.

"எந்தக் கட்டம்?" என்றான் ஆல்கொட்.
"பதினோரு கிலோ" என்றாள்.
"அது எடை. கட்டம்?"

வெளியே தொட்டிலில்
அடுத்தது விழுந்த சத்தம்.
பேனாவை எடுத்தாள்,
வலக்கையில்,
எழுதிப் பழகாத கையில்.